புலம்பத் தெரியாத முக்காலி

தன்னை ஆளே இல்லை என்று தீர்ப்பளித்துவிட்டார்கள் என்ற செய்தி கண்ணாடியம்மாவுக்குத் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் வந்தது. சொன்னவர் அவள் கணவர். தீர்ப்பளித்தவரும் அவரேதான்.

“இன்னைக்கு ஒரு பாட் மாட்டுச்சு,” என்றார் அவர், தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே. “பேரு முக்காலியாம். நல்லாத்தான் நடிச்சுது. ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். கதை முடிஞ்சுது.”

கண்ணாடியம்மா அவர் டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. கண்ணாடிக் கடையில் கடுகைவிடச் சின்னத் திருகாணிகளை மூக்குக்கண்ணாடியில் முடுக்கிப் பழகிய கை அது, எதற்கும் நடுங்காது. “அப்படியா,” என்று மட்டும் சொன்னாள். முக்காலி என்ற பெயரில் எழுதியது அவள்தான்.

எப்படி வந்தது இந்த வம்பு என்று முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். அவள் கணவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். வாழ்நாளில் பாதியை ஆடுகிற பெட்டிகளில் நின்றுகொண்டே கழித்ததில் முட்டிகள் தேய்ந்துபோயின. போன வருடம் இடது முட்டியை எடுத்துவிட்டுப் புதிது வைத்தார்கள். அதற்குப் பிறகு நிலையத்திலேயே ஓர் அறையில் அவரை உட்காரவைத்துவிட்டார்கள். நின்று பழகிய மனிதருக்கு உட்கார்ந்தால் பொழுது போகுமா? அப்போதுதான் இணையத்தில் முட்டி வலிக்காரர்கள் கூடிப் பேசுகிற ஓர் இடம் அகப்பட்டது. முட்டிமன்றம் என்று அதற்குப் பெயர். எந்தச் செருப்பு நல்லது, எந்த மருத்துவர் கத்தியைக் கையில் எடுக்கத் துடிப்பவர், எந்த மருமகள் வெந்நீர் ஒத்தடம் கொடுக்க மாட்டாள் என்பதெல்லாம் அங்கே விலாவாரியாக அலசப்படும். பரிசோதகர் அதில் போய் விழுந்தார். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அட்மின் ஆகிவிட்டார். இன்னொரு அட்மின் ஒரு பல் டாக்டரம்மா. நாளெல்லாம் நின்றபடி அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்த்ததில் அவருக்கும் முட்டி போயிருந்தது.

பரிசோதகரின் புலம்பலைப் பற்றியும் இங்கேயே சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் கதை நொண்டும். எழுந்தால் ஓர் ஐயோ, உட்கார்ந்தால் ஓர் அம்மாடி, படி இறங்கினால் படிக்கு ஒன்று. செருப்பு மாட்டுவதற்குள் நாலு தெய்வத்தைக் கூப்பிட்டுவிடுவார். அறுவை முடிந்து வீட்டுக்கு வந்த புதிதில் மாடி வீட்டுக்காரர்கள் இறங்கி வந்து, ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார்கள். அத்தனைக்கும் அவர் கெட்டவர் இல்லை. வாய் மட்டும்தான் ஓயாது.

இப்படிப்பட்டவர்கள் கூடுகிற மன்றத்தில் திடீரென்று போலிகள் புகுந்தன. ஆளே இல்லாமல் தானாக எழுதிக்கொண்டே போகும் கணக்குகள், பாட் என்பது இவற்றைத்தான். ஒரு நாள் ஒன்று, மறுநாள் ஒன்பது. எல்லாம் கடைசியில் ஏதோ ஓர் எண்ணெயில் வந்து முடியும். இதில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் பலமாக ஏமாந்துபோனார். அன்பாக விசாரித்த ஒரு பெண்ணிடம் வாரக்கணக்கில் தன் வலி, தன் தனிமை, செத்துப்போன மனைவி என்று எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறார். கடைசியில் அந்தப் பெண், ‘அண்ணா, இந்த எண்ணெயைத் தடவுங்கள்’ என்று ஒரு படத்தை அனுப்பியது. அதே வரி, அதே அண்ணா, இன்னும் முப்பது பேருக்கும் போயிருந்தது. தபால்காரர் பரிசோதகரிடம் போனில் அழுதுவிட்டு மன்றத்தை விட்டே போய்விட்டார். அன்றைக்குப் பரிசோதகர் சரியாகச் சாப்பிடவில்லை. “மனுசனோட மனசைக் கொட்ட வச்சு வித்திருக்கானுங்க,” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் அப்படிக் கோபப்பட்டதைக் கண்ணாடியம்மா அதற்கு முன் பார்த்ததில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தக் கோபத்தில் அவர் கண்டுபிடித்ததுதான் ‘டிக்கெட் கேட்பது’. ரயிலில் அவருக்கு ஒரு நம்பிக்கை உண்டு. கேட்டதும் டிக்கெட்டை நீட்டுகிறவனை நம்பக் கூடாது, அவன் தயாராக வந்தவன். ஒழுங்காகக் காசு கொடுத்து வாங்கியவன் சட்டைப்பையைத் தட்டுவான், பையைத் துழாவுவான், “இங்கதானே வச்சேன்” என்பான், பெண்டாட்டியை முறைப்பான், அப்புறம்தான் கொடுப்பான். அதையே மன்றத்துக்கும் கொண்டுவந்தார். சந்தேகப்பட்ட கணக்குக்குத் தனியாக ஒரு கேள்வி போகும். மாடிப்படி எப்படி இறங்குகிறீர்கள்? உண்மையான முட்டி வலிக்காரர் இதற்கு நேராகப் பதில் சொல்லவே மாட்டார் என்பது பரிசோதகரின் கட்சி. முதலில், ‘அதை ஏன் கேட்கிறீர்கள்’ என்று ஆரம்பித்து, வீடு கட்டினவனைத் திட்டி, விதியைத் திட்டி, பிறகுதான் காலுக்கு வருவார். பளிச்சென்று பதில் சொன்னால் பாட். உடனே பிளாக்.

வேடிக்கை என்னவென்றால் இது வேலை செய்தது. எண்ணெய்க் கணக்குகள் கொத்தாக விழுந்தன. பல் டாக்டரம்மாவே அசந்துபோனார். இருந்தாலும், தப்பாக யாராவது மாட்டிக்கொண்டால் தனக்கு முறையீடு அனுப்பலாம் என்று ஒரு பக்கத்தைத் திறந்துவைத்தார். நல்ல வேளை.

இனி கண்ணாடியம்மாவின் முட்டிக்கு வருவோம். ஆமாம், அவளுக்கும் முட்டி உண்டு. வலது முட்டி இரண்டு வருடமாக வலித்துக்கொண்டிருந்தது. கடையில் நாள் முழுக்க நிற்க வேண்டும். வருகிறவர்களுக்குக் கண்ணாடி மாற்றி மாற்றி மாட்டி, ‘இது தெளிவா, இதுவா’ என்று கேட்க வேண்டும். அவள் கேட்பதும் சுருக்கம், எதிர்பார்ப்பதும் சுருக்கம். வீட்டில் ஒருமுறை, “கால் வலிக்குதுங்க,” என்று சொல்லிப் பார்த்தாள். “உனக்கு வலிக்குது, சரி. எனக்கு என்ன பண்ணுது தெரியுமா?” என்று ஆரம்பித்தவர், தூக்கம் வரும்வரை நிறுத்தவில்லை. அதோடு அவள் வாயை மூடிக்கொண்டாள். இருவரும் சேர்ந்து கடைத்தெருவுக்குப் போகும்போது அவள் மெதுவாக நடப்பதைத் தனக்காக என்று நினைத்து, அவர் நன்றி வேறு சொல்லுவார்.

மதிய இடைவேளைகளில் தனியாகவே மருத்துவரிடம் போய்வந்தாள். படம் எடுத்தார்கள். முட்டியை மாற்ற வேண்டியதுதான் என்றார்கள். அடுத்த மாதம் அறுவைக்கு ஓர் இடம் இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்ல வேண்டும், விட்டால் மறுபடி எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்றார்கள். கத்திக்கு அவள் பயப்படவில்லை. இவர் பட்ட பாட்டை, இல்லை, இவர் சொன்ன பாட்டை ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாளே, அதுதான் பயம். அதில் பாதி உண்மையானாலும் தன்னால் தாங்க முடியாது என்று நினைத்தாள்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன், பக்கத்தில் இருக்கிற கணவரையே கேட்கலாமே என்பீர்கள். இந்த வெண்ணெய் தொடுவதற்கு முன்பே உருகி வழிகிற வெண்ணெய் ஐயா. ஆனால் அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள். மன்றத்தில் முன்பின் தெரியாதவர்கள் கேட்டால் இதே மனிதர் அழகாகப் பதில் எழுதுகிறார். நீங்கள், உங்கள் என்று மரியாதையாக, பொறுமையாக, ஒரு ஐயோ இல்லாமல். எழுதியதை அவளுக்கும் படித்துக் காட்டுவார். கேட்டுக்கொண்டே காய் நறுக்கும்போது, யாரோ ஒருவருக்குக் கிடைப்பது தனக்கு ஒரே ஒரு முறை கிடைக்காதா என்று அவளுக்கு ஏக்கமாக இருக்கும். வெட்கத்தை விட்டுச் சொன்னால் பொறாமையாகவே இருந்தது. அதனால்தான் முக்காலி என்ற பெயரில் சேர்ந்தாள். எழுதியது இவ்வளவுதான்:

‘வலது முட்டி. இரண்டு வருடம். மாற்றச் சொல்கிறார்கள். வெள்ளிக்குள் பதில் சொல்ல வேண்டும். செய்துகொண்டவர்கள் உண்மையில் எப்படி இருந்தது என்று சொல்லவும்.’

அரை மணி நேரத்தில் டிக்கெட் கேட்டுவிட்டார் பரிசோதகர். மாடிப்படி எப்படி இறங்குகிறீர்கள்? கண்ணாடியம்மா அப்போது ஒரு பெரியவருக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்தாள். அவரை உட்காரச் சொல்லிவிட்டு, கேட்டதற்குப் பதில் அனுப்பினாள். ‘கைப்பிடியைப் பிடித்து. வலது கால் முதலில். ஒவ்வொரு படியாக.’ பெரியவர் சுவரில் இருந்த எழுத்துகளைப் படித்து முடிப்பதற்குள் அவள் கணக்கு போய்விட்டது. அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று அவர் அவளிடம் பத்துத் தடவை விளக்கியிருக்கிறார். தெரிந்தே போய் மாட்டிக்கொண்டாள். புத்தியில் இருந்தது கைக்கு வரவில்லை, வேறென்ன சொல்ல.

சாப்பாட்டு மேசைக்குத் திரும்புவோம்.

“ஒருவேளை ஆளா இருந்தா?” என்று கேட்டாள்.

“ஆளா? ரெண்டு வருசமா வலியாம். ஒரு ஐயோ இல்ல, ஒரு அம்மா இல்ல. ரயில் நேரம் சொல்ற மாதிரி சொல்லுது.”

“சில பேர் அப்படித்தான் பேசுவாங்க.”

“யாரு அப்படிப் பேசுவா? உனக்குத் தெரிஞ்சு ஒரு ஆளைக் காட்டு பாப்போம்.”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் பதிலுக்குக் காத்திருந்துவிட்டு, “பாத்தியா, இல்ல,” என்று சொல்லிச் சாப்பிட ஆரம்பித்தார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை அவளுக்கு. வெள்ளிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. “அது ஆளா இருந்து, பதில் கிடைக்காம ஆபரேசன் வேணாம்னு சொல்லிட்டா, அந்தப் பாவம் யாருக்குங்க?” என்று கேட்டாள். அவர் மென்றுகொண்டிருந்ததைக் கொஞ்சம் நிறுத்தினார். “தபால்காரர் அழுததை நீ கேக்கல,” என்றார்.

மறுநாள் மதியம் கடையின் பின்னறையில், லென்ஸ் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து முறையீட்டுப் பக்கத்தைத் திறந்தாள். அழுத பிள்ளைக்குத்தான் பால் கிடைக்கும் என்பது தெரிந்துவிட்டதால், அழுதுவிடுவது என்று முடிவுசெய்திருந்தாள். ‘ஐயோ என் முட்டி’ என்று எழுதினாள். அவளுக்கே கூச்சமாக இருந்தது. அழித்தாள். ‘என்ன பாவம் செய்தேனோ’ என்று எழுதினாள். இது அவர் செருப்பு மாட்டும்போது சொல்வது. அதையும் அழித்தாள். கடன் வாங்கிய சட்டை போல எதுவும் உடம்பில் நிற்கவில்லை. கடைசியில் உள்ளதையே எழுதி அனுப்பினாள்.

‘நான் பாட் இல்லை. எனக்குப் புலம்ப வராது. எங்கள் வீட்டில் அந்த வேலைக்கு ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். இரண்டாவது ஆளுக்கு இடமில்லை. தயவுசெய்து நாளைக்குள் என் கேள்விக்கு யாராவது பதில் சொல்லுங்கள். பயமாக இருக்கிறது.’

அன்று சாயங்காலம் பரிசோதகர் பால்கனியில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும்போது பல் டாக்டரம்மா கூப்பிட்டார். போனைச் சத்தமாக வைத்துப் பேசுவது இவர் வழக்கம். அடுப்படியில் கண்ணாடியம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

“சார், முக்காலி ஆள்தான். நீங்க தப்பா பிளாக் பண்ணிட்டீங்க,” என்ற டாக்டரம்மா முறையீட்டை முழுக்கப் படித்துக் காட்டினார். “எந்த பாட் சார் இப்படி எழுதும்?”

பரிசோதகர் நிமிர்ந்து உட்கார்ந்து, “அடப்பாவமே,” என்றார். “எப்படிப்பட்ட ஆள்கிட்ட மாட்டியிருக்கு பாருங்க டாக்டர் அந்தம்மா. வாயைத் திறக்க விட மாட்டான் போல.”

“அதை விடுங்க. கணக்கைத் திறந்துவிட்டேன். நாளைக்குள்ள அவங்களுக்குப் பதில் வேணும். பிளாக் பண்ணினது நீங்க, பதிலும் நீங்கதான் எழுதணும். தனியா எழுதுங்க, நல்லா எழுதுங்க.”

போனை வைத்துவிட்டு அவர் அடுப்படிப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். “இந்தா, கேட்டியா? அது ஆள்தானாம்.”

“கேட்டேன்.”

“நீ சொன்னே, நான்தான் கேக்கல. பயமா இருக்காம் பாவம். என்னன்னு எழுதறது?”

“உள்ளதை எழுதுங்க,” என்றாள் கண்ணாடியம்மா.

அவர் ஒற்றை விரலால் தட்டுகிறவர். தட்டினார், அழித்தார், தெருவைப் பார்த்தார், மறுபடி தட்டினார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, வலது காலைக் கொஞ்சம் தூக்கி வைத்தபடி, சத்தம் அடக்கிய போனைக் கையில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர். கடிதம் ஊரெல்லாம் சுற்றிவிட்டு அவள் கைக்கு வந்தது.

‘அன்புள்ள முக்காலி அவர்களுக்கு. உங்களைத் தவறாக நீக்கியவன் நான்தான். மன்னிக்க வேண்டும். நீங்கள் உண்மையைக் கேட்டிருக்கிறீர்கள். இதுவரை யாருக்கும் சொல்லாததைச் சொல்கிறேன். முதல் வாரம் வலி இருந்தது. நிஜமான வலி. இரண்டாவது வாரம் தாங்கக்கூடியதாக இருந்தது. அதன் பிறகு அவ்வளவாக இல்லை. இப்போது சுத்தமாக இல்லை. தைரியமாகச் செய்துகொள்ளுங்கள்.

‘ஆனால் இன்றுவரை நான் ஐயோ என்றுதான் சொல்கிறேன். காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். ரயிலில் இருந்த காலமெல்லாம் நான் வீட்டில் இருந்ததே குறைவு. அறுவை முடிந்ததும் என் மனைவி வேலைக்கு லீவு போட்டுவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு நேரம் நாங்கள் சேர்ந்து இருந்ததே இல்லை. வலி போய்விட்டது என்று சொன்னால் எழுந்து போய்விடுவாளே என்று புலம்பினேன். பிறகு நிறுத்தத் தெரியவில்லை. ஐயோ என்றால் இப்போதும் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். அதற்காகத்தான்.

‘உங்கள் வீட்டில் இருக்கும் அந்த ஆளிடம் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். சொல்லாமல் எங்களுக்குத் தெரியாது. நாங்கள் அப்படித்தான், மட்டிகள்.’

கண்ணாடியம்மா படித்தாள். மறுபடி படித்தாள். முதலில் ஆத்திரம்தான் வந்தது. ஒரு வருடமாக எத்தனை முறை அடுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஓடியிருக்கிறாள், அத்தனையும் நாடகமா? இந்தப் பயத்தில் எத்தனை நாள் தூங்காமல் கிடந்திருக்கிறாள். கரண்டியோடு போய் ஒன்று வைக்கலாமா என்று தோன்றியது. பிறகு எட்டிப் பார்த்தாள், பால்கனியில் அவர் பிடரி தெரிந்தது. நரைத்து, குட்டையாக வெட்டி, எதையோ ஒப்புக்கொண்டுவிட்ட சின்னப் பையனின் பிடரி போல இருந்தது. அந்த மனிதரை அவளுக்கு அந்த நிமிடத்தில் ரொம்பப் பிடித்தது. அதுவும் ஆத்திரமாகவே வந்தது.

போய் அவர் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“ஏங்க, என் வலது முட்டி ரெண்டு வருசமா வலிக்குது.”

“உனக்கு வலிக்குது, சரி. எனக்கு என்ன...” என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தவர் நின்றார். அவள் மடியில் இருந்த போனைப் பார்த்தார். அதில் தன் எழுத்தே தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் முகத்திலிருந்து பரிசோதகர், அட்மின் என்று எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக இறங்கிப் போனார்கள்.

“ரெண்டு வருசமாவா?” என்றார்.

“ம்.”

“ஒரு ஐயோகூடச் சொல்லலையே நீ.”

“இப்ப சொல்லவா?”

“சொல்லு.”

அவள் வாயைத் திறந்தாள். ஐயோ வரவில்லை, அழுகை வந்தது. அவர் எழுந்தார். சத்தமே இல்லாமல் எழுந்தார். உள்ளே போய் ஒரு தலையணையைக் கொண்டுவந்து தன் நாற்காலியில் போட்டு, அவள் வலது காலை எடுத்து அதன் மேல் வைத்துவிட்டு, தான் தரையில் உட்கார்ந்தார். புது முட்டி நன்றாகவே மடங்கியது.

“நாளைக்குச் சரின்னு சொல்லிடறேன்,” என்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. “நீங்க லீவு போட்டுட்டுப் பக்கத்துல உட்காரணும்.”

“உட்காருறேன்.”

“வலி போயிட்டாலும் உங்ககிட்டச் சொல்ல மாட்டேன்.”

“சொல்லாதே,” என்றார் அவர்.